நல்ல கையைக் கட்டுதல்: ஒரு சிகிச்சையின் வரலாறு

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த முதல் சில மாதங்களிலோ மூளையின் ஒரு பக்கத்தில் ஏற்படும் சேதத்தால் எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் வலுவிழந்து விறைத்துப்போகும் நிலை ஹெமிப்ளீஜியா, அதாவது ஒருபக்க முடக்கம், எனப்படுகிறது. மூளை முடக்குவாதம் என்ற பெரிய வகைக்குள் அடங்கும் இந்நிலையில் கால் பெரும்பாலும் தேறிவிடுகிறது. சற்றே இழுத்து நடந்தாலும் இக்குழந்தைகளில் மிகப் பலர் தாமாகவே நடக்கக் கற்கின்றனர். கை அவ்வாறு தேறுவதில்லை. முழங்கை மடங்கி, மணிக்கட்டு கீழ்நோக்கி வளைந்து, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்கி நிற்கும் அந்தக் கையால் ஒரு பொருளைப் பற்றுவதும், பற்றியதை விடுவதும் குழந்தைக்குப் பெரும்பாடு. மறுபக்கத்தில் நல்ல கை ஒன்று எந்நேரமும் ஆயத்தமாக இருப்பதால் அந்தப் பாட்டைப் படவேண்டிய தேவையும் அதற்கு நேர்வதில்லை. நடுவயதில் பக்கவாதம் கண்டவர் தாம் இழந்த கையை நினைவில் வைத்திருக்கிறார். பிறவியிலேயே முடங்கிய குழந்தைக்கோ அப்படியொரு கை இருந்ததே இல்லை. பெரியவர்களுக்கென உருவான சிகிச்சை ஒன்றைக் குழந்தைகளிடம் கொண்டுவந்தவர்கள் இந்த வேறுபாட்டில்தான் மீண்டும் மீண்டும் முட்டிக்கொண்டனர்.

இன்று இத்தகைய குழந்தைகளின் கைக்கு மிக உறுதியான சான்றுகளுடன் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்குப் பல மணிநேரம் வீதம், திட்டமிட்டு நடத்தப்படும் விளையாட்டு. மருத்துவம் இம்முடிவுக்கு வந்த பாதை குழந்தைகளின் விளையாட்டறையில் தொடங்கவில்லை. குரங்குகளின் ஆய்வுக்கூடத்தில், நல்ல கையைக் கட்டிவைக்கும் வன்மையான ஒரு சோதனையில் தொடங்கியது. கட்டுவதற்குக் குழந்தையை இணங்கவைக்கும் உபாயமாக உள்ளே நுழைந்த விளையாட்டு, காலப்போக்கில் கட்டையே தேவையற்றதாக்கும் அளவுக்கு வளர்ந்ததுதான் இந்த வரலாற்றின் விந்தையான பகுதி.

பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்கள் இந்நோயை விவரிப்பதில் காட்டிய ஊக்கத்தைச் சிகிச்சையில் காட்டவில்லை. லண்டன் அறுவை மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் சிறுவயது நோயால் தாமே வளைந்த பாதத்துடன் வாழ்ந்தவர். 1836-இல் ஜெர்மனியின் ஹானோவரில் ஸ்ட்ரோமையர் என்பவரிடம் தசைநாண் அறுவை செய்துகொண்டு குணமடைந்து, அம்முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். கடினப் பேறு, குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் மூச்சுத் திணறல் ஆகியவற்றுக்கும் குழந்தையின் பிற்கால விறைப்புக்கும் தொடர்புண்டு என்று 1861-இல் லண்டன் மகப்பேறு மருத்துவச் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரையால், இந்நோய் நெடுங்காலம் அவர் பெயராலேயே வழங்கியது. 1889-இல் வில்லியம் ஆஸ்லர், பிலடெல்பியாவின் நரம்பு நோய் மருத்துவமனையில் திரட்டிய 151 குழந்தைகளின் நோய்விவரங்களை நூலாக்கினார். அவற்றுள் 120 ஒருபக்க முடக்கமாக இருந்தமை, இவ்வகை அக்கால மருத்துவரின் கண்ணில் எவ்வளவு அடிக்கடி பட்டது என்பதைக் காட்டும். இரண்டு ஆண்டுகள் கழித்து வியன்னாவில், மாக்ஸ் கசோவிட்ஸ் நடத்திவந்த குழந்தைநோய் நிலையத்தில் பணியாற்றிய இளம் நரம்பியல் மருத்துவர் ஒருவர், ஆஸ்கர் ரீ என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து குழந்தைகளின் ஒருபக்க மூளைவாதம் பற்றியே தனிநூல் ஒன்றை வெளியிட்டார். அவர் சிக்மண்ட் ஃபிராய்ட். மனப்பகுப்பாய்வின் புகழ் மறைத்துவிட்ட இந்த முந்தைய ஃபிராய்ட், குழந்தை முடக்குவாதத்தில் அக்காலத்தின் பெரும் வல்லுநராக மதிக்கப்பட்டவர். கடினப் பேறுதான் நோய்க்குக் காரணம் என்ற லிட்டிலின் கருத்தை அவர் அப்படியே ஏற்கவில்லை. கருவிலேயே நேர்ந்த ஆழமான கோளாறு ஒன்றின் அறிகுறியாகவே பேறு கடினமாகியிருக்கலாம் என்று 1897-இல் வெளியான பெருநூலில் எழுதினார். அந்நூலை எழுதிமுடிப்பது தமக்குச் சலிப்பூட்டுவதாக நண்பர் ஃபிளீஸுக்கு அவர் எழுதிய கடிதங்களில் குறைபட்டுக்கொண்டார் என்பதையும் சொல்லவேண்டும். இத்தனை நுட்பமான நூல்களிலும் நோயின் பாகுபாடும் காரணமும் பக்கம் பக்கமாக விரிய, கைக்கு என்ன செய்வது என்ற கேள்விக்கான விடை அறுவை, மரச்சிம்பு, தைலம் தேய்த்தல், சில உடற்பயிற்சிகள் என்ற அளவிலேயே நின்றது.

வேலையையும் பொழுதுபோக்கையும் மருந்தாக்கும் எண்ணம் வேறொரு திசையிலிருந்து வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்வர்ட் பார்ட்டன், காசநோயாலும் உடலின் இடப்பக்க முடக்கத்தாலும் துன்புற்று, நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து தம் கையை மீட்டுக்கொண்டவர். அவருடைய இல்லத்தில் 1917 மார்ச்சில் கூடிய சிலர் தொடங்கிய சங்கத்திலிருந்து ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாடச் செயல்களின் வழியாகவே இயக்கத்தை மீட்கும் செயல்வழிச் சிகிச்சை, ஒரு தொழிலாக உருப்பெற்றது. பெரியவருக்குத் தச்சும் நெசவும் எனில் குழந்தைக்குச் செயல் என்பது விளையாட்டுத்தானே என்ற தருக்கம் இத்தொழிலுக்குள் தொடக்கத்திலேயே பொதிந்திருந்தது. ஆயினும் மேரி ரைலி போன்றவர்கள் விளையாட்டைத் தனி ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டு, குழந்தை உலகை ஆராயக் கற்கும் வழியே விளையாட்டு என்று நூல் எழுதுவதற்கு 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தத் தாமதத்துக்கு முக்கியக் காரணம், மூளை முடக்குவாதச் சிகிச்சையை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆண்ட கோட்பாடுதான். 1937-இல் பால்டிமோர் நகரில் இக்குழந்தைகளுக்கென நிலையம் திறந்த வின்த்ராப் ஃபெல்ப்ஸ் தசைகளைத் தனித்தனியே பயிற்றுவதிலும் உலோகத் தாங்கிகளிலும் நம்பிக்கை வைத்தார். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி லண்டனில் குடியேறிய பெர்ட்டா போபாத், காரெல் போபாத் தம்பதியர் இதற்கு எதிரான பாதையில் சென்றனர். உடற்பயிற்சி ஆசிரியையான பெர்ட்டா, பக்கவாதம் கண்ட ஓவியர் ஒருவருக்கு 1940-களில் சிகிச்சை அளிக்கையில், விறைத்த தசையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடித்தால் அது தளர்வதைக் கண்டார். மருத்துவரான கணவர் அதற்கு நரம்பியல் விளக்கம் தந்தார். தவறான இயக்கத்தைத் தடுத்துச் சரியான இயக்கத்தைச் சிகிச்சையாளரின் கையே வழிநடத்த வேண்டும் என்பது இம்முறையின் சாரம். குழந்தை முக்கி முனைந்து ஒன்றைச் செய்ய முற்பட்டால் விறைப்பு மிகும் என்ற அச்சமும் அதில் அடங்கியிருந்தது. இக்கொள்கைப்படி, தன் போக்கில் ஒரு பொம்மையைப் பிடுங்கப் போராடும் குழந்தை கெட்ட பழக்கத்தையே வளர்த்துக்கொள்கிறது. விளையாட்டு அறையில் இருந்தது. ஆனால் சிகிச்சையாளரின் கைகள் வேலைசெய்யும்போது குழந்தையின் கவனத்தை அப்பால் ஈர்த்துவைக்கும் துணைப்பொருளாகவே இருந்தது. மென்மையும் அக்கறையும் மிகுந்த போபாத் முறையை இன்று எள்ளி நகையாடுவது எளிது. எனினும் அறுவைக்கும் இரும்புத் தாங்கிக்கும் மாற்றாக வந்து, இக்குழந்தைகளைத் தொட்டுப் பழகவேண்டியவர்களாகக் கருதிய முதல் முறைகளுள் அது ஒன்று என்பதை மறந்துவிடலாகாது.

இதே காலத்தில், குழந்தைகளோடு எத்தொடர்பும் இல்லாத வேறொரு ஆய்வுத்தொடர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. 1895-இல் இங்கிலாந்தின் மாட், ஷெரிங்டன் ஆகிய இருவரும் குரங்கின் ஒரு கையிலிருந்து தண்டுவடத்துக்குச் செல்லும் உணர்வு நரம்புகளை மட்டும் வெட்டினர். இயக்க நரம்புகள் அப்படியே இருந்தும் குரங்கு அக்கையைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. உணர்வின்றி இயக்கமில்லை என்ற முடிவு பாடநூல்களில் ஏறியது. 1909-இல் ஹெர்மன் முங்க் என்ற ஜெர்மானியர், நல்ல கையைக் கட்டிவைத்தால் குரங்கு உணர்விழந்த கையால் பொருளை எடுக்கிறது என்று பதிவுசெய்தார். 1917-இல் அமெரிக்காவில் ஆக்டன், ஃபிரான்ஸ் ஆகியோர் மூளையில் சேதம் உண்டாக்கி ஒருபக்கம் முடங்கிய குரங்குகளின் நல்ல கையைக் கட்டி, முடங்கிய கையை வேலைசெய்ய வற்புறுத்தியபோது சில வாரங்களில் பெருமளவு மீட்சி கண்டனர். பின்னாளில் பெருஞ்செய்தியாகப் போற்றப்பட்ட கண்டுபிடிப்பு ஏறத்தாழ முழுமையாகவே அக்கட்டுரையில் இருந்தும் அரை நூற்றாண்டுக்கு மேல் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. முதிர்ந்த மூளை மாறாது என்ற நம்பிக்கை அவ்வளவு வலுவாக இருந்தது.

அந்த இழையை மீண்டும் பற்றியவர் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர். உணர்வு நரம்புகள் வெட்டப்பட்ட குரங்கு ஏன் தன் கையைக் கைவிடுகிறது என்பதற்கு அவர் தந்த விளக்கம் நரம்பியலைவிடக் கற்றல் கோட்பாட்டைச் சார்ந்தது. அறுவை நடந்த முதல் வாரங்களில் நரம்பு மண்டலம் அதிர்ச்சியில் உறைந்திருக்கும்போது குரங்கு அக்கையால் முயன்று முயன்று தோற்கிறது. விழுகிறது, உணவைத் தவறவிடுகிறது. மறுகையால் முயன்றால் வெல்கிறது. ஆகவே முயலாதிருக்கக் கற்றுக்கொள்கிறது. பின்னர் கைக்குத் திறன் திரும்பினாலும் குரங்கு அதை அறிவதில்லை, ஏனெனில் சோதித்துப் பார்ப்பதை விட்டுவிட்டது. இதை அவர் ‘கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை’ என்றார். நல்ல கையை ஓரிரு நாள் மட்டும் கட்டினால் கட்டவிழ்த்ததும் குரங்கு பழைய நிலைக்குத் திரும்புகிறது என்பதையும், ஓரிரு வாரம் கட்டிவைத்தால் மாற்றம் நிலைக்கிறது என்பதையும் அவர் கண்டார். அதனினும் முக்கியமானது, வெறுமனே கட்டுவதைவிட, இலக்கைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் பரிசு தந்து ஏற்றும் படிநிலைப் பயிற்சி கூடுதல் பலன் தந்தது என்பது. பிற்காலத்தில் குழந்தைகளிடம் விளையாட்டு நுழைந்த வாசல் இதுவே.

ஆனால் டாப்பின் பெயர் உலகுக்கு முதலில் அறிமுகமானது வேறு காரணத்தால். மேரிலாந்து மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்தில் 1981-இல் தொண்டராகச் சேர்ந்த அலெக்ஸ் பச்சேகோ, பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர். அவர் எடுத்த நிழற்படங்களின் அடிப்படையில் அவ்வாண்டு செப்டம்பரில் காவல்துறை உள்ளே நுழைந்து 17 குரங்குகளைக் கைப்பற்றியது. விலங்குவதைக் குற்றச்சாட்டுகளில் முதலில் ஆறும், மேல்விசாரணையில் ஒன்றும் மெய்ப்பட்டதாகத் தீர்ப்பு வந்து, எஞ்சிய அந்த ஒன்றும் 1983-இல் மேரிலாந்தின் உயர் முறையீட்டு நீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. மாநில வதைத்தடைச் சட்டம் நடுவணரசின் நிதியில் நடக்கும் ஆய்வுக்குப் பொருந்தாது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். 1985-இல் அமெரிக்க விலங்குநலச் சட்டம் இறுக்கமானதற்கு இவ்வழக்கு பெரிதும் காரணமாயிற்று. அதே குரங்குகளில் எஞ்சியவற்றின் மூளையை அறுவைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்து 1991-இல் வெளியிடப்பட்ட கட்டுரை, கைக்குரிய மூளைப்பரப்பை முகத்துக்குரிய பகுதி ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாகப் பரவி எடுத்துக்கொண்டதைக் காட்டி, முதிர்ந்த மூளையும் மாறும் என்ற கொள்கைக்கு வலுவான சான்றாயிற்று. இச்சிகிச்சையால் பயனடைந்த குழந்தைகளைக் காட்டி அந்தக் கூண்டுகளில் நடந்ததை நியாயப்படுத்துவோரும் உண்டு, அக்கூண்டுகளைக் காட்டிச் சிகிச்சையையே வெறுப்போரும் உண்டு. ஆக்டன், ஃபிரான்ஸ் இருவரின் 1917-ஆம் ஆண்டுக் கட்டுரையை உரிய காலத்தில் யாரேனும் ஊன்றிப் படித்திருந்தால் இவ்விவாதத்தின் ஒரு பகுதியாவது தேவைப்பட்டிருக்காது.

பணியையும் நிதியையும் இழந்து சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்த டாப், 1986-இல் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்ஹாம் வளாகத்தில் மனிதர்களிடம் தம் முறையைத் தொடங்கினார். எமரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வுல்ஃப் அதற்கு முன்பே, டாப்பின் கருத்தால் தூண்டப்பட்டு, பக்கவாத நோயாளிகளின் நல்ல கையைக் கட்டிப் பார்த்திருந்தார். ஒன்பது பேரை மட்டும் கொண்ட 1993-ஆம் ஆண்டின் ஆய்விலிருந்து 222 நோயாளிகளுடன் 2006-இல் வெளியான பெரும் ஆய்வு வரை இம்முறை பெரியவர்களிடம் நிலைபெற்ற கதை இங்கு விரிவாகத் தேவையில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் சி.ஐ.எம்.டி. என வழங்கும் அதன் கூறுகள் இரண்டு: நல்ல கைக்குக் கட்டு, முடங்கிய கைக்கு நாளொன்றுக்குப் பல மணிநேரப் படிநிலைப் பயிற்சி.

குழந்தைகளிடம் கட்டு முதலில் மாவுக்கட்டாகவே வந்தது. ஒருபக்க முடக்கமுள்ள குழந்தை ஒன்றின் நல்ல கைக்குக் கட்டுப்போட்ட அனுபவத்தை ஆட்ரி யசுக்காவா என்ற செயல்வழிச் சிகிச்சையாளர் 1990-இல் எழுதினார். அதைத் தொடர்ந்து ஓரிரு குழந்தைகள் பற்றிய சிறு அறிக்கைகள் வந்தன. 2004-இல் பர்மிங்ஹாம் குழு 18 குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில் நல்ல கைக்கு மேற்கை முதல் விரல்நுனி வரை இலேசான கட்டு இடப்பட்டு, நாளொன்றுக்கு 6 மணிநேரம் வீதம் 21 நாள் பயிற்சி தரப்பட்டது. பக்கவாதம் கண்ட முதியவரிடம் மேசை முன் அமர்ந்து மரக்கட்டைகளை நூறு முறை எடுத்து வையுங்கள் என்று கேட்கலாம். அவர் தம் பொருட்டுச் செய்வார். மூன்று வயதுக் குழந்தையிடம் அவ்வாறு கேட்டு விடை பெற்றவர் எவரும் இல்லை. எனவே நூறு முறை எடுத்து வைப்பது கோபுரம் கட்டி இடிப்பதாகவும், கையை உயர்த்துவது சோப்புக் குமிழியை உடைப்பதாகவும், மணிக்கட்டைத் திருப்புவது பொம்மைக்குத் தேநீர் ஊற்றுவதாகவும் மாறவேண்டியிருந்தது. படிநிலைப் பயிற்சியின் பரிசு தனியே தரப்படும் இனிப்பாக இல்லாமல் அடுத்த ஆட்டமாகவே அமைந்தது. இந்த மாற்றத்தைச் செய்தவர்கள் அதை ஒரு கண்டுபிடிப்பாக அறிவிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அக்காலக் கட்டுரைகளில் கட்டு இத்தனை நாள், பயிற்சி இத்தனை மணி என்ற கணக்குகள் முன்னிற்க, விளையாட்டு வழிமுறைப் பகுதியின் ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

எதிர்ப்புகள் விரைவிலேயே எழுந்தன. இயங்கும் கை ஒன்றே ஒன்று வாய்த்த குழந்தையிடமிருந்து அதையும் வாரக்கணக்கில் பறிப்பது முறைதானா என்பது ஒன்று. பெற்றோர் கேட்ட இக்கேள்விக்கு நரம்பியல் ஆய்வும் துணைநின்றது: பிறந்து 3 முதல் 7 வாரத்துக்குள் பூனைக்குட்டிகளின் மூளையில் ஒரு பக்கத்து இயக்கப் பகுதியின் செயற்பாட்டைத் தடுத்தால் அப்பக்கத்து நரம்பிழைகள் தண்டுவடத்தில் தம் இடத்தை நிரந்தரமாக இழப்பதை ஜான் மார்ட்டின் குழு 1990-களின் இறுதியில் காட்டியிருந்தது. வளரும் மூளையில் இரு பக்கங்களும் தண்டுவடத்தில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன எனில், நல்ல பக்கத்தைக் கட்டிப்போடுவது அதையும் கெடுக்கக்கூடும். மற்றொரு எதிர்ப்பு கோட்பாடு சார்ந்தது. கற்றுக்கொண்ட பயன்படுத்தாமை என்பது முன்பு பயன்படுத்திய ஒன்றைக் கைவிடுவது. ஒருபோதும் பயன்படுத்தாத குழந்தை எதைக் கைவிட்டது? அங்கே தேவை மீட்பதன்று, முதன்முதலாகக் கற்பதே.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த ஆன்-கிறிஸ்டின் எலியாசன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்தில் நடுவழி ஒன்றைக் காட்டியது. மாவுக்கட்டு போய், உள்ளங்கைப் பக்கம் விறைப்பான தகடு வைத்துத் தைத்த கையுறை வந்தது. ஆறு மணிநேரம் இரண்டு மணிநேரமாகக் குறைந்து, மூன்று வாரம் இரண்டு மாதமாக நீண்டது. சிகிச்சை மருத்துவமனையை விட்டு வீட்டுக்கும் மழலையர் பள்ளிக்கும் சென்றது. அதே நாட்டில் எலியாசனும் லேனா க்ரும்லிண்டே-சுண்ட்ஹோமும் உருவாக்கிய கைமதிப்பீட்டு முறை இன்னும் ஆழமான மாற்றம் என்று கொள்ளலாம். அதுவரை கையின் திறனை அளக்க, 1969-இல் வந்த ஜெப்சன்-டெய்லர் சோதனை போன்றவற்றில், சீட்டுகளைத் திருப்பு, டப்பாவைத் தூக்கு என்று கட்டளையிட்டுக் கடிகாரம் பார்த்தனர். அவ்வாறு கேட்டால் குழந்தை தன்னால் இயன்ற உச்சத்தைக் காட்டும். வீட்டில் அக்கையைத் தொடவும் மாட்டாது. சுவீடன் முறையிலோ, இரு கைகளும் இருந்தால்தான் இயங்கக்கூடிய விளையாட்டுப் பொருள்களைக் குழந்தையின் முன் வைத்துவிட்டு, எக்கையைப் பயன்படுத்து என்று ஒரு சொல்லும் சொல்லாமல், கால்மணி நேரம் ஆடவிட்டுப் படம்பிடித்து, முடங்கிய கை துணைக்கையாக எந்த அளவுக்கு உதவுகிறது என்பதை தொடக்கத்தில் 22 ஆக இருந்த கூறுகளில் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பிடுகின்றனர். விளையாட்டு இங்கே அளவுகோலாகிவிட்டது. அளவுகோல் மாறியதும் இலக்கும் மாறியது: முடங்கிய கை தனியாக என்ன செய்யும் என்பதைவிட, மற்றக் கையோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதே கேள்வியாயிற்று.

அக்கேள்வியை அதன் முடிவு வரை கொண்டுசென்றவர்கள் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஆண்ட்ரூ கார்டனும் ஜீன் சார்ல்ஸும். முதலில் கட்டுமுறையையே குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றிச் சோதித்த இவர்கள், வாழ்க்கையில் ஒற்றைக் கையால் செய்யவேண்டியவற்றை இக்குழந்தைகள் நல்ல கையால் செய்துகொள்கிறார்கள், தடுமாறுவதெல்லாம் இரு கை தேவைப்படும் வேலைகளில்தான் என்பதைக் கண்டு, கட்டை அடியோடு நீக்கினர். ஹாபிட் என்ற சுருக்கப்பெயரால் வழங்கும் இவர்களது இருகைத் தீவிரப் பயிற்சி பகல்முகாமாக நடந்தது. சீட்டாட்டம், கட்டுமானப் பொம்மைகள், மணிகோத்தல், காகித வேலை, பந்தாட்டம் என்று விளையாட்டுகள் சாதாரணமானவைதாம்; ஆனால் ஒவ்வொன்றிலும் முடங்கிய கைக்கு முன்கூட்டியே ஒரு பணி குறிக்கப்பட்டிருக்கும். சீட்டாட்டத்தில் அக்கை முதலில் சீட்டுக்கட்டை அழுத்திப் பிடிக்கும். பிறகு சீட்டுகளை விசிறியாக ஏந்தும். கடைசியில் தானே சீட்டை உருவி வைக்கும். குழந்தை எளிதாக வெல்லத் தொடங்கியதும் ஆட்டத்தின் விதி சற்றுக் கடினமாக்கப்படும். 20 குழந்தைகளுக்கு 10 நாளில் 60 மணிநேரம் அளித்த முதல் ஒப்பீட்டு ஆய்வு 2007-இல் வந்தது. கட்டுமுறையையும் இருகை முறையையும் 42 குழந்தைகளிடம் சமமாக 90 மணிநேரம் அளித்து ஒப்பிட்ட 2011-ஆம் ஆண்டு ஆய்வு, இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருவதைக் காட்டியது. கட்டியதால் வந்தது என்று நினைத்த பயன் கட்டாமலும் வந்தது. பல மணிநேரம் முனைப்போடு ஈடுபடுவதே இரண்டுக்கும் பொதுவாக இருந்தது.

மணிநேரக் கணக்கே முதன்மையானது எனில், அத்தனை மணிநேரம் குழந்தையைப் பிடித்துவைப்பது எப்படி என்ற சிக்கல் எழுகிறது. இதற்கு ஒவ்வொரு நாடும் தனக்குரிய வேடிக்கையைக் கண்டுபிடித்தது. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பவுலின் ஆர்ட்ஸ் குழுவினர் இரண்டரை முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளைக் கடற்கொள்ளையர் கூட்டமாக்கினர். எட்டு வாரங்களில் வாரத்துக்கு மும்முறை மூன்று மணிநேரம் கூடும் இக்கூட்டத்தில் முதல் ஆறு வாரம் நல்ல கை தோளிலிருந்து தொங்கும் துணிக்கட்டுக்குள் கிடக்கும், கடைசி இரண்டு வாரம் இரு கைகளும் விடுதலை பெறும். கொள்ளையர் கதையில் ஒற்றைக்கையரும் ஒற்றைக்கண்ணரும் இயல்பானவர்கள் என்பதால் கட்டு வேடத்தின் பகுதியாகிவிட்டது. கட்டுமுறையின் கொடுமையைப் பற்றிய விவாதங்களுக்கு இதைவிடச் சாதுரியமான பதில் கிடைப்பது அரிது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லீயன் சக்ஷெவ்ஸ்கி, ராஸ்லின் பாய்ட் குழுவினர் சர்க்கஸ் முகாம் அமைத்து 60-க்கும் மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் கட்டுமுறையையும் இருகை முறையையும் 60 மணிநேர அளவில் ஒப்பிட்டு, கார்டன் குழுவின் முடிவுக்கு நெருக்கமான முடிவையே அடைந்தனர்.

லண்டனில் வந்தது மேஜிக். 1982-இலேயே அமெரிக்க வித்தைக்காரர் டேவிட் காப்பர்ஃபீல்ட், கலிஃபோர்னிய மருத்துவமனை ஒன்றின் செயல்வழிச் சிகிச்சையாளருடன் சேர்ந்து, கைத்திறன் இழந்தவர்களுக்கு வித்தை கற்பிக்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். பிரீத் மேஜிக் என்ற லண்டன் முகாம் ஹாபிட் முறையின் 60 மணிநேரக் கட்டமைப்பை எடுத்துக்கொண்டு, உள்ளே முழுவதும் வித்தைகளால் நிரப்பியது. டிடோ கிரீன் முதலியோர் அதன் பயனை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். இக்கருப்பொருள்களில் ஆழமாகப் பொருந்துவது வித்தைதான் என்று வாதிடலாம். கொள்ளையர் உடையும் சர்க்கஸ் கூடாரமும் பயிற்சிக்கு வெளியே போர்த்திய உடை. வித்தையிலோ ரப்பர் வளையத்தை ஒரு விரலிலிருந்து இன்னொரு விரலுக்குத் தாவவிடுவதும், கயிற்றை முடிந்து அவிழ்ப்பதும், நாணயத்தை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றியதாகக் காட்டுவதுமே சிகிச்சையாளர் விரும்பும் இருகை இயக்கங்கள். ஒரு வித்தை பிசகின்றி வரும்வரை நூறு முறை செய்துபார்ப்பது அக்கலையின் இயல்பு. சலிப்புக்குரிய மறுபயிற்சிக்கு அங்கே தனிக் காரணம் தேட வேண்டியதில்லை. அத்துடன், கையை மறைத்தே பழகிய குழந்தைக்குப் பிறர் அறியாத ஒன்று அக்கைக்குத் தெரிந்திருப்பதும், உடன்படிக்கும் பிள்ளைகள் ‘எப்படிச் செய்தாய்?’ என்று கேட்பதும் சிறிய காரியமன்று.

வீடியோ விளையாட்டுகளும் இடையில் வந்தன. 2006-இல் நிண்டெண்டோ வீ சந்தைக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் பல மருத்துவமனைகள் அதை வாங்கின. ஆனால் நல்ல கையாலேயே ஆடி வென்றுவிடக்கூடிய கருவி இக்குழந்தைகளுக்கு என்ன தரும் என்ற எளிய கேள்வியைக் கேட்டபின் வாங்கியவர்கள் குறைவு போலும். தனியாக அதன் பயன் உறுதிப்படவில்லை.

சான்றுகளின் நிலை இப்போது ஓரளவு தெளிவு. அயோனா நோவாக் குழுவினர் மூளை முடக்குவாதத்துக்கான 64 சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்கின் நிறங்களில் தரம்பிரித்து 2013-இல் வெளியிட்ட பட்டியலில் கட்டுமுறையும் இருகைப் பயிற்சியும் பச்சையில் இடம்பெற, போபாத் முறை சிவப்பில் நின்றது. அரை நூற்றாண்டுப் பழக்கத்துக்கு எதிரான அத்தீர்ப்பைப் பல சிகிச்சையாளர்கள் எளிதில் ஏற்கவில்லை. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வந்த காக்ரேன் மீளாய்வு, குறைந்த அளவுப் பயிற்சியைவிடக் கட்டுமுறை மேல், சம அளவு இருகைப் பயிற்சியைவிட மேல் அன்று என்று முடித்தது. டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையும் மாற்றியமைத்த கட்டுமுறையைச் சோதித்து 2013-இல் சாதகமான முடிவுகளை வெளியிட்டது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஒரு சிகிச்சையாளர் வீதம் 60 மணிநேரம் என்பது, வாரம் ஒருமுறை அரைமணி நேரம் கிடைத்தாலே பெரிதென்று காத்திருக்கும் குடும்பங்களுக்கு எட்டாத அளவு. பச்சை விளக்கு எரிந்தும் வண்டி இல்லாத நிலைதான் பெரும்பாலான நாடுகளில். நியூயார்க் முகாம்கள் பயிற்சிபெற்ற மாணவர்களைத் துணைக்கு அமர்த்தி ஓரளவு சமாளித்தன.

விளையாட்டின் வகை பற்றிய சர்ச்சையும் தீரவில்லை. கேத்லீன் ஃபிரீல் முதலியோர் பூனைக்குட்டிகளிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல காலைக் கட்டுவதோடு பயிற்சியும் சேர்ந்தபோதுதான் இயக்கம் மீண்டது. கட்டு மட்டும் நரம்பிணைப்புகளை மீட்டும் திறனை மீட்கவில்லை. அவரே 2016-இல் 20 குழந்தைகளை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்குப் படிப்படியாகக் கடினமாகும் இருகைப் பயிற்சியும், மற்றக் குழுவுக்கு அதே நேர அளவில் கட்டமைப்பில்லாத இருகை விளையாட்டும் அளித்தார். இரு குழுவிலும் கை தேறியது; மூளையில் அக்கைக்குரிய இயக்கப்பரப்பு விரிந்தது முதல் குழுவில் மட்டும். விளையாட்டே போதும் என்போரும், விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கும் படிநிலையே மருந்து என்போரும் இம்முடிவைத் தத்தம் பக்கத்துக்குச் சான்றாகக் காட்டலாம். இரண்டாமவர் கை சற்று ஓங்கியிருக்கிறது.

அண்மைக்காலத்தில் ஆய்வு இன்னும் சிறிய வயதுக்கு இறங்கியிருக்கிறது. எலியாசன் குழு 2018-இல் வெளியிட்ட ஒப்பாய்வில் முதலாண்டுக் கைக்குழந்தைகளுக்கு நல்ல கையில் சிறு உறை மாட்டி, நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு ஆறு நாள், ஆறு வாரம் கொண்ட இரு பருவங்களாகப் பெற்றோரே வீட்டில் பயிற்சி அளித்தனர். ஒப்பீட்டுக் குழுவின் குழந்தைகளுக்கு உடல்தேய்ப்பு நடந்தது. உறை மாட்டிய குழந்தைகளின் கை கூடுதலாகத் தேறியது. இந்த வயதில் சொல்லிப் புரியவைக்கவோ வேடம் கட்டவோ வழியில்லை. முடங்கிய கைக்கு எட்டும் தூரத்தில், அக்கை பற்றக்கூடிய தடிமனில், பற்றியவுடன் ஓசையோ அசைவோ தரக்கூடிய பொருளைத் தேர்ந்து வைப்பது மட்டுமே பெரியவர் செய்யக்கூடியது. எனவே பெற்றோருக்குக் கற்பிப்பதிலும் குழந்தையை எவ்வாறு அமர்த்துவது, எந்தப் பொம்மையை எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து நீட்டுவது என்பவையே பெரும்பகுதியாகிவிட்டன. உறையை மாட்டுவது எப்படி என்பதற்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை.